புல்வாரைத் தாண்டிச் சாப்பிடுங்கள்: புதுச்சேரிக்குக் குடிவந்தவர்களுக்கு

புதுச்சேரிக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருகிற பலரும் முதல் மாதத்தில் சாப்பாட்டுக்காக ஒரே பக்கம்தான் போகிறார்கள். சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், துய்மா வீதியிலோ ரோமன் ரோலண்ட் வீதியிலோ மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் உள்ள ஏதோ ஒரு உணவகத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். 11 வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் செய்தேன். 20-ஆம் தேதிக்குள் சம்பளம் கரைந்துவிட்டது, வயிறும் கெட்டுவிட்டது. அந்தக் கடைகள் மோசம் என்று சொல்ல வரவில்லை. அவை சனி, ஞாயிறில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வருகிறவர்களை நம்பி நடப்பவை. இன்று சாப்பிட்டவர் மறுபடி எப்போது வருவார் என்று தெரியாமல் நடக்கிற கடை ஒன்று. இன்று மதியம் வந்தவர் நாளை மதியமும் வராவிட்டால் அடுப்பே எரியாது என்கிற கடை இன்னொன்று. இங்கேயே குடியிருக்கப் போகிற நீங்கள் தேட வேண்டியது இந்த இரண்டாவது வகைக் கடையை.

அதை எப்படித் தேடுவது என்று, நான் பழகிக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஊரை மனதில் வரைந்துகொள்ளுங்கள்

பழைய நகரத்தைச் சுற்றி முட்டை வடிவில் ஓடுகிற சாலை வளையத்தைத்தான் இங்கே புல்வார் என்கிறோம். வளையத்துக்குள் கிழக்கே, கடலோரம் ஒயிட் டவுன் என்கிற பழைய பிரெஞ்சுப் பகுதி; முதலில் சொன்ன மஞ்சள் சுவர் உணவகங்கள் இங்கேதான். அதற்கு மேற்கே பெரிய வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால் மிஷன் வீதி, நேரு வீதி, பெரிய மார்க்கெட் என்கிற குபேர் அங்காடி. சுற்றுலா வருகிறவர்கள் அநேகமாக இதோடு நின்றுவிடுவார்கள். ஊரில் பெரும்பாலானவர்கள் வாழ்வது வளையத்துக்கு வெளியே. வடக்கே முத்தியால்பேட்டை, வடமேற்கே லாஸ்பேட்டை, கோரிமேடு, மேற்கே நெல்லித்தோப்பு, ரெட்டியார்பாளையம், மூலக்குளம், வில்லியனூர், தெற்கே முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம்.

ஒவ்வொரு பகுதியிலும் யார் அதிகம் சாப்பிடுகிறார்களோ அவர்களுக்கு ஏற்றபடிதான் கடைகள் இருக்கும். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று பல ஊர்களிலிருந்து விடியற்காலையிலேயே நோயாளிகளும் உடன் வருபவர்களும் வந்து இறங்குவார்கள். அதனால் அங்கே காலை டிபன் சீக்கிரம் தொடங்கும், காரம் குறைவாக இருக்கும், இட்லியும் பொங்கலும் சூடாக நகர்ந்துகொண்டே இருக்கும். காலாப்பட்டில் பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர்களுக்கான கடைகள். அளவு தாராளம், விலை குறைவு, ஆனால் விடுமுறை வந்தால் பாதிக் கடை மூடியிருக்கும். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு. நடந்துகொண்டே இருக்கும்போது மாநிலம் மாறிவிடும். பிரியாணிக்கு நான் அந்தப் பக்கம்தான் போவேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் வடக்கே போனால் குயிலாப்பாளையம், ஆரோவில். அதுவும் விழுப்புரம் மாவட்டம்தான். நல்ல ரொட்டி, சாலட், விறகு அடுப்பில் சுட்ட பீட்சா என்று ஐரோப்பியச் சாப்பாடு வேண்டுமென்றால் ஒயிட் டவுனுக்குப் பதிலாக அங்கே போய்ப் பாருங்கள்.

வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ 10 நிமிடத்தில் போகக்கூடிய கடைகளையே முதலில் பாருங்கள். இங்கே ஆட்டோவில் மீட்டர் போட்டுப் போகிற பழக்கம் இல்லை, பேரம் பேசித்தான் ஏற வேண்டும். போக வர ஆட்டோ கொடுத்துச் சாப்பிடுகிற சாப்பாடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் மலிவு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்திரா காந்தி சதுக்கத்தில் தண்ணீர் நிற்கும்போது தொலைவுக் கடை எதுவும் உதவாது.

பலகையில் எத்தனை வரி?

எங்கள் தெருவில் சொல்தா குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை இந்த ஊரில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். பாரிசில் அவருடைய மகள் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், 20-ஆவது வட்டாரத்தில் குடியிருந்தாள். ஈபிள் கோபுரத்துப் பக்கம் அவர்கள் சாப்பிடவே போக மாட்டார்களாம். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பிஸ்ட்ரோவுக்குத்தான் போவார்களாம். பிஸ்ட்ரோ என்ற பெயரைக் கேட்டால் இங்கே நமக்கு ஏதோ விலை உயர்ந்த இடம் என்று தோன்றும். அங்கே அது தெருமுனைச் சின்னக் கடை. கொஞ்சம் மேசைகள், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய பட்டியல், அதில் அன்றைய சாப்பாடு என்று ஒன்று. அதற்குப் பிளா து ழூர் என்று பெயர். அன்று காலை சந்தையில் எது நன்றாக இருந்ததோ அதுதான் அன்றைய சமையல்.

அவர் என்னிடம் சொன்னது இது: "தம்பி, பலகையில நாலு வரி எழுதியிருந்தா உள்ள போ. புஸ்தகம் மாதிரி மெனு கொடுத்தா எழுந்து வந்துடு."

இதைவிட நல்ல அளவுகோல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. பிரெஞ்சுப் பெயர் வைத்த கடைக்கும் இது பொருந்தும், நம்முடைய மெஸ்ஸுக்கும் பொருந்தும். மெஸ் என்பதே நமது பிஸ்ட்ரோதான். ஒரு குடும்பம் நடத்தும், அம்மாவோ மாமியாரோ அடுப்பில் நிற்பார், இன்று என்ன குழம்போ அதுதான் எல்லோருக்கும். காரணம் எளிது. சின்னச் சமையலறையில் இரண்டு பேர் 10 பண்டங்களை அன்றன்றைக்குச் சமைக்க முடியும். பீட்சா, பாஸ்தா, பனீர் பட்டர் மசாலா, சில்லி சிக்கன், மீன் பொரியல் என்று 120 பண்டங்களை அன்றன்றைக்குச் சமைக்க முடியாது. அவற்றில் பெரும்பகுதி குளிர்பெட்டியிலிருந்தும் ஒரே அடிப்படைக் குழம்பிலிருந்தும்தான் வரும்.

சாப்பிடாமல் இரண்டு முறை போய்ப் பாருங்கள்

ஒரு நாள் மதியம் 12.30-க்கு அந்தக் கடையைத் தாண்டி நடந்து போங்கள். இன்னொரு நாள் 2.15-க்குப் போங்கள். முதல் முறை யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். பக்கத்து ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள், வங்கி ஊழியர்கள், தனியாக வந்து பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிடும் வயதானவர் என்று இருந்தால் நல்ல அறிகுறி. தினமும் வெளியில் சாப்பிட்டே ஆக வேண்டியவர்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத இடத்துக்குத் திரும்பி வர மாட்டார்கள். சர்வர் அவர்களிடம் "என்ன வேணும்" என்று கேட்கிறாரா, கேட்காமலே கொண்டுவந்து வைக்கிறாரா என்றும் கவனியுங்கள்.

இரண்டாவது முறை, எது தீர்ந்துபோயிருக்கிறது என்று கேளுங்கள். "கூட்டு முடிஞ்சிடுச்சுங்க, பொரியல் மட்டும் இருக்கு" என்று சொல்கிற கடையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 2.15-க்கும் எல்லாமே அண்டா நிறைய இருக்கிறது என்றால் மீதி எங்கே போகிறது என்ற கேள்வி வரும். சாயங்காலம் அதே கடை பாஸ்ட் ஃபுட்டாக மாறினால் அந்தக் கேள்வி இன்னும் முக்கியம். மதியம் வடித்த சோறு சூடில்லாமல் திறந்து கிடந்து, இரவு ஃப்ரைடு ரைஸ் ஆவது பல இடங்களில் நடக்கிறது. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடுகிற நஞ்சு மறுபடி வதக்கினாலும் போகாது. சமைத்ததை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும். நடுவில் விட்டால் ஆபத்து.

அப்புறம் எண்ணெய். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சேரும் கழிவுப் பொருள்களுக்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் 25 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அதை அளக்க நம்மிடம் கருவி இல்லை, ஆனால் கண் போதும். வடை போட்டதும் நுரை பொங்கி அடங்காமல் நிற்பது, கறுத்துப் பாகு போல் ஒழுகுவது, சட்டி ஓரத்தில் பிசின் மாதிரி ஒட்டுவது, கண் எரியும் புகை. இதில் இரண்டைப் பார்த்தால் அந்தக் கடையில் பொரித்ததைத் தொடாதீர்கள். இட்லி சாப்பிடலாம்.

கல்லாவுக்குப் பின்னால் 14 இலக்க உணவு உரிம எண் மாட்டியிருக்க வேண்டும். பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் விதி. எண் இருப்பதால் மட்டும் சமையல் சுத்தமாகிவிடாது. ஆனால் புகார் கொடுக்க வேண்டி வந்தால் அந்த எண் தேவைப்படும். கை கழுவும் இடத்தையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள். சோப்பு இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, அவ்வளவுதான். சாப்பிடுகிறவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தையே கவனிக்காதவர் உள்ளே இருப்பதைக் கவனிப்பார் என்று நான் நம்ப மாட்டேன்.

மீன்: இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்

கடலோர ஊர் என்பதால் எல்லா நாளும் எல்லா மீனும் புதிதாகக் கிடைக்கும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். அந்த இரண்டு மாதமும் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். அப்போது கடைகளுக்கு வருவது நாட்டுப்படகு கொண்டுவரும் சின்ன மீன், அல்லது கேரளப் பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீன். புயல் சின்னம் உருவாகிற நாட்களிலும் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள்.

அதனால் கடைக்குப் போனதும் "மீன் இருக்கா" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். "சங்கரா இருக்கு, நெத்திலி இருக்கு, வஞ்சிரம் இன்னைக்கு வரல" என்று பதில் வந்தால் உட்காருங்கள். மே மாதத்தில் "வஞ்சிரம், கொடுவா, வவ்வால் எல்லாமே ஃப்ரெஷ்ஷா இருக்கு சார்" என்று பதில் வந்தால் சாம்பார் சாதம் சொல்லிக்கொள்ளுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தடைக்காலத்தில் நூறடி ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் சூரை மீன் வறுவல் சாப்பிட்டேன். நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று இருந்தது, மசாலா என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, காது சூடாகி, உடம்பு முழுக்க அரிப்பு. மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "என்ன மீன்?" என்பதுதான். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்த உடனே ஐஸில் வைக்காவிட்டால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகிவிடுமாம். எவ்வளவு வறுத்தாலும் அது அழியாது. மீன் ஒவ்வாமை என்று பலர் நினைப்பது இதுவாகவும் இருக்கலாம் என்றார். அன்றிலிருந்து அந்தச் சுருக்கென்ற ருசி வந்தால் அடுத்த வாய் எடுப்பதில்லை. நீங்களும் எடுக்காதீர்கள். காசு போனால் போகட்டும்.

நல்ல மீனை முதல் வாயிலேயே அறியலாம். வெந்த மீனை முள்ளிலிருந்து பிரித்தால் இதழ் இதழாக வர வேண்டும். கூழாகக் குழைந்தால் பழசு. இறால் கடித்தால் லேசாக எதிர்க்க வேண்டும், மாவு மாதிரி இருந்தால் பழசு. குழம்பில் புளியும் காரமும் வழக்கத்தைவிடத் தூக்கலாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

மீன் குழம்புக்கு எதில் தாளிக்கிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். இந்தப் பக்கத்துக் கைப்பக்குவம் வடகத்தில் இருக்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துச் சித்திரை வெயிலில் நாள்கணக்கில் காயவைப்பார்கள். இதே வடகம்தான் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய் வடுவான் என்று பெயர் மாறி அவர்கள் சமையலறையில் பொடியாக உட்கார்ந்திருக்கிறது. வடகம் போட்டுத் தாளிக்கிற கடையில் யாரோ ஒருவர் கோடையில் மெனக்கெட்டிருக்கிறார். வாசலுக்கு வரும்போதே அந்த வாசனை சொல்லிவிடும். எனக்குத் தெரிந்து அந்த வாசனை வந்த கடை எதுவும் என்னை ஏமாற்றியதில்லை.

முதல் முறை என்ன சொல்ல வேண்டும்

சிறப்புப் பண்டத்தைச் சொல்லாதீர்கள். சாதாரணமானதைச் சொல்லுங்கள். டிபன் கடை என்றால் இரண்டு இட்லி, சாம்பார். மெஸ் என்றால் மதியச் சாப்பாடு, அதில் ரசத்தைக் கவனியுங்கள். குழம்பை மசாலாவால் காப்பாற்றிவிடலாம், ரசத்தைக் காப்பாற்ற முடியாது. பிரியாணிக் கடை என்றால் எத்தனை மணிக்குத் தம் உடைப்பார்கள் என்று கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள். ஐரோப்பியச் சாப்பாட்டுக் கடை என்றால் ஆம்லெட்டும் ரொட்டியும் போதும். ஆம்லெட்டுக்கு நிறையப் பொருள்கள் தேவையில்லை, கவனம்தான் தேவை. ரொட்டி அன்று சுட்டதா என்பது விரலால் அழுத்தினாலே தெரியும்.

பச்சை முட்டை மயோனைஸை எந்தக் கடையிலும் தவிர்க்கவே சொல்வேன். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் அதற்கு ஒரு வருடத் தடையே போட்டார்கள். மதியத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கும் தேங்காய்ச் சட்னியும் எனக்கு வேண்டாம்.

பில் வந்ததும்

சாதாரண உணவகத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். காம்போசிஷன் திட்டத்தில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தானே வரியாகக் கட்டும் திட்டத்தில் உள்ள சின்னக் கடை வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கவே கூடாது. சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்த்திருந்தால் அதைக் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதைத் தெளிவாகச் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அமைதியாக "இதை எடுத்துடுங்க" என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பக்கத்துத் தெருக் கடைகளில் இந்தப் பிரச்சினை அநேகமாக வராது. அங்கே பார்க்க வேண்டியது விலைப் பலகைதான். பலகையே இல்லாமல் ஆளைப் பார்த்து விலை சொல்கிற கடைக்கு இரண்டாம் முறை போகாதீர்கள்.

ரெஸ்டோ பார் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊரில் குடியிருப்புத் தெருக்களிலும் மது பரிமாறும் உணவகங்கள் வந்துவிட்டன. மதியம் நல்ல சாப்பாடு போடும் இடம் இரவு 8 மணிக்கு வேறு ஆட்களுக்கான இடமாக இருக்கும். குடும்பத்தோடோ தனியாக வரும் பெண்ணாகவோ போகிறீர்கள் என்றால் எந்த நேரத்தில் சாப்பிடப் போகிறீர்களோ அதே நேரத்தில் ஒரு முறை வாசலில் நின்று பார்த்துவிடுங்கள்.

இரண்டு கடைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால்

லாஸ்பேட்டையில் எனக்கு அப்படி ஆனது. ஒன்று ஏசி போட்ட, சுத்தமான, புதுக் கடை. இன்னொன்று வீட்டுத் திண்ணையை இழுத்துக் கட்டி நான்கு மேசை போட்ட மெஸ். இரண்டிலும் சாப்பாடு நன்றாகவே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கிழமைகளில் மூன்று தடவை போனேன். திங்கள்கிழமை ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை. புதுக் கடையில் மூன்று நாளும் சாம்பார் ஒரே ருசி. மெஸ்ஸில் திங்களன்று முள்ளங்கி, வெள்ளியன்று கத்தரிக்காய், ஞாயிறன்று நெத்திலிக் குழம்பு. ஒரு நாள் உப்புக் கூடிப்போயிருந்தது. சொன்னேன். அந்த அம்மா கரண்டியில் எடுத்து ருசி பார்த்துவிட்டு, "ஆமாம்பா, இன்னைக்குக் கை தவறிடுச்சு" என்று சொல்லி எனக்கு மோர் ஊற்றிவிட்டு, அண்டாவில் இருந்த குழம்பையும் சரி செய்யப் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

நீங்களும் ஒரு குறையைச் சொல்லிப் பாருங்கள். சண்டையாக இல்லாமல் மெதுவாகச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிறார்களா, ருசி பார்க்கிறார்களா என்று கவனித்தால் போதும்.

பிடித்துப்போனால் மாதக் கணக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம். முதலில் 10 நாள் சாப்பாட்டுக்கு மட்டும் முன்பணம் கொடுங்கள். ஊருக்குப் போகிற நாளை முந்தின நாள் இரவே சொல்லிவிடுங்கள், உங்கள் பங்குக்கு அரிசி போடாமல் இருப்பார்கள், கணக்கிலும் கழித்துக்கொள்வார்கள். ஞாயிறு இரவு பல மெஸ்கள் விடுமுறை. புரட்டாசி சனிக்கிழமை, ஆடி வெள்ளி போன்ற நாட்களில் சில கடைகளில் அசைவம் இருக்காது, வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் அன்று அரியாங்குப்பம் பக்கம் கடையே திறக்காமல்கூடப் போகலாம். அதற்கெல்லாம் இரண்டாவதாக ஒரு டிபன் கடையையும் பழகிவைத்துக்கொள்ளுங்கள். டிபன் கேரியர் ஒன்று வாங்கி மெஸ்ஸிலேயே கொடுத்துவைத்தால், மழை நாளில் பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துவந்து கொடுத்துவிடுவான்.